பருத்தி விதைக்குள் பி.டி. மரபணு இருக்கிறதா? பிசிஆர் சோதனைக்கு ஒரு முழு வழிகாட்டி

2001-இல் குஜராத்தில் காய்ப்புழு பருத்தியைத் துவம்சம் செய்துகொண்டிருந்தபோது, சில வயல்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நின்றன. சந்தேகப்பட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். செடிக்குள், புழுவைக் கொல்லும் புரதத்தை உண்டாக்கும் கிரை-1ஏசி என்ற பாக்டீரிய மரபணு இருந்தது. அந்த மரபணுவைப் புகுத்திய பி.டி. பருத்திக்கு இந்திய அரசு அனுமதி தந்ததே அதற்கு அடுத்த ஆண்டுதான். அனுமதி வருவதற்குள் விதை வயலுக்கு வந்துவிட்டது.

அந்தக் கதை இன்னும் முடியவில்லை. இப்போது பேச்செல்லாம் எச்.டி.பி.டி. பருத்தி பற்றி: களைக்கொல்லியைத் தாங்கும், அனுமதி பெறாத ரகம். பாக்கெட்டைப் பார்த்தோ செடியைப் பார்த்தோ அதை அடையாளம் காண முடியாது. உள்ளே இருக்கும் டிஎன்ஏவைத்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கும் வழியான பிசிஆரை, அதாவது தேடும் டிஎன்ஏ துண்டை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுத்துப் பார்க்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பருத்தியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது கொஞ்சம் வம்பு பிடித்த பயிர். பருத்தியில் டிஎன்ஏ எடுக்கக் கற்றுக்கொண்டவருக்கு நெல், சோளம் எல்லாம் விளையாட்டு.

முதலில் கேள்வியை எழுதி வையுங்கள்

"இது ஜிஎம் (மரபணு மாற்றிய) விதையா?" என்பது மூன்று வெவ்வேறு கேள்விகள். எது உங்கள் கேள்வி என்பதை நோட்டில் எழுதாமல் பிப்பெட்டைத் தொடாதீர்கள்.

முதலாவது, வெளியிலிருந்து புகுத்திய டிஎன்ஏ ஏதாவது இருக்கிறதா என்பது. மரபணுவை இயக்க அதன் முன்னால் ஒரு தொடக்கத் துண்டும், நிறுத்த அதன் பின்னால் ஒரு முடிவுத் துண்டும் வைப்பார்கள். பல ஜிஎம் பயிர்களில் காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த 35எஸ் தொடக்கத் துண்டும், அக்ரோபாக்டீரியத்திலிருந்து எடுத்த நாஸ் முடிவுத் துண்டும் இருக்கும். இவற்றைத் தேடுவது சல்லடைச் சோதனை. சல்லடையில் ஓட்டை உண்டு: மான் 89788 என்ற சோயாவில் இந்த இரண்டுமே கிடையாது. அதனால் "35எஸ் இல்லை, ஆகவே ஜிஎம் இல்லை" என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது, குறிப்பிட்ட மரபணு இருக்கிறதா என்பது. கிரை-1ஏசி, கிரை-2ஏபி, களைக்கொல்லி தாங்குவதற்கான சிபி4 இபிஎஸ்பிஎஸ் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தேடுவது.

மூன்றாவது, எந்த நிகழ்வு என்பது. ஜிஎம் துறையில் நிகழ்வு என்றால், புது டிஎன்ஏ பயிரின் குரோமோசோமில் ஓர் இடத்தில் போய் உட்கார்ந்த அந்த ஒரு சம்பவம். போல்கார்டு-1 என்று நாம் சொல்லும் பி.டி. பருத்தி மான் 531, போல்கார்டு-2 என்பது மான் 15985. ஒட்டு விழுந்த இடத்தில் பாதி பருத்தி டிஎன்ஏ, பாதி புது டிஎன்ஏ. அந்தச் சந்திப்பைத் தேடும் சோதனைதான் ஆளையே அடையாளம் காட்டும். அனுமதி பெற்ற ரகமா, பெறாததா என்ற தகராறில் கடைசியில் இதுதான் தேவைப்படும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே யோசியுங்கள். கிரை-1ஏசி புரதம் இலையில் இருக்கிறதா என்பது மட்டும் தெரிய வேண்டுமென்றால் பிசிஆர் வேண்டியதே இல்லை. இலையைக் கசக்கிக் கரைசலில் போட்டு, கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரி ஒரு பட்டையை அதில் நிறுத்தினால் பத்து நிமிடத்தில் கோடு விழும். விவசாயி தன் வயலைச் சோதிக்க அது போதும். எச்.டி.பி.டி.யைப் பிடிக்க கிரை-1ஏசி பட்டை உதவாது. அந்தப் புரதம் அனுமதி பெற்ற ரகத்திலும் இருக்கிறதே.

மாதிரி எடுப்பது

பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. இங்கே நடந்த தவறை எந்த இயந்திரமும் பிறகு காட்டிக்கொடுக்காது.

இப்போது விற்கும் 475 கிராம் பி.டி. பாக்கெட்டிலேயே, பி.டி. அல்லாத விதை 5 முதல் 10 சதவீதம் கலந்துதான் வருகிறது. புழுவுக்கு எதிர்ப்புத் திறன் வளராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது; அடைக்கல விதை என்பார்கள். ஆக, பாக்கெட்டிலிருந்து ஒரே ஒரு விதையை எடுத்துச் சோதித்து "இல்லை" என்று வந்தால், விதை போலி என்று அர்த்தமில்லை. அடைக்கல விதை கையில் மாட்டியிருக்கலாம். இருபது விதைகளைத் தனித்தனியாகச் சோதித்து ஒன்றிரண்டு "இல்லை" என்று வந்தால், பாக்கெட் சரியாகத்தான் இருக்கிறது.

தலைகீழான கேள்விக்குக் கணக்கும் தலைகீழ். "சாதாரணப் பருத்தி" என்று வந்த மூட்டையில் கலப்பு இருக்கிறதா என்று பார்க்க, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருந்தால் 300 விதை எடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு ஜிஎம் விதையாவது கையில் சிக்க 95 சதவீத வாய்ப்பு. ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 3,000 விதை. மூட்டையின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளுவது மாதிரி எடுப்பதில் சேராது. மேல், நடு, அடி, பல மூட்டைகள் என்று எடுத்து ஒன்றாகக் கலந்து அதிலிருந்து பிரிக்க வேண்டும்.

அந்த 3,000 விதையையும் ஒரே மாவாக அரைத்துவிடலாமா? கூடாது. பருத்தியின் ஒற்றை மரபணுத் தொகுதியின் எடை சுமார் 2.33 பிகோகிராம். பிசிஆர் குழாயில் நாம் போடுவது 50 நானோகிராம் டிஎன்ஏ, அதாவது ஏறத்தாழ 21,000 தொகுதிகள். 3,000 விதையில் ஒன்று ஜிஎம், அதுவும் வீரிய ஒட்டு ரகமென்பதால் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் மரபணு வந்தது என்றால், 6,000 தொகுதிக்கு ஒரு பிரதி. குழாயில் மூன்று நான்கு பிரதிகள்தான் இருக்கும். பிப்பெட் எடுக்கும்போது ஒன்றுமே வராமல்கூடப் போகலாம். அதையே 300 விதை வீதம் பத்துத் தொகுப்பாகப் பிரித்தால், ஜிஎம் விதை விழுந்த தொகுப்பில் 35 பிரதிகள் கிடைக்கும். அது பிடிபடும்.

இன்னும் ஒரு கண்ணி. விதையின் தோல் தாய்ச் செடியின் திசு. உள்ளே இருக்கும் கருதான் பிள்ளை. தோலோடு அரைத்தால் தாயின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும். தோலை உரித்துவிட்டு அரையுங்கள். அல்லது, நேரம் இருந்தால், முளைக்க வைத்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. பருத்தி விதையில் எண்ணெயும் காசிபால் என்ற நச்சுப் பொருளும் அதிகம், கடை விதையின் மேல் சாயமும் பூச்சிமருந்தும் பூசியிருக்கும். கையுறை போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரத் தாளில் வைத்தால் ஒரு வாரத்தில் விதையிலை கிடைக்கும். அதில் வேலை சுலபம். கலப்பு அளவைக் கணக்கிட வேண்டும் என்றால் மட்டும் இந்த வழி வேண்டாம். முளைக்காத விதை கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

டிஎன்ஏவைப் பிரிப்பது

பருத்தி இலையில் பாலிஃபீனால்கள் நிறைய. செல் உடைந்த கணமே அவை ஆக்ஸிஜனோடு சேர்ந்து பழுப்பாகி டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இதே வேலைதான். டிஎன்ஏ உருண்டை பழுப்பாக இருந்தால் பிசிஆர் நடக்காது என்று அப்போதே முடிவு கட்டிவிடலாம். அதைத் தடுக்கத்தான் சிடேப் (செல் சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) கரைசலில் பிவிபியும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்க்கிறோம்.

கரைசல்: 2 சதவீதம் சிடேப், 1.4 மோலார் உப்பு, 100 மில்லிமோலார் டிரிஸ் (அமிலநிலை 8), 20 மில்லிமோலார் இடிடிஏ, 2 சதவீதம் பிவிபி. மெர்காப்டோஎத்தனாலை அன்றன்றைக்குத்தான் சேர்க்க வேண்டும், 2 சதவீதம். நாற்றம் தாங்காது, புகைக்கூண்டுக்குள் வைத்தே சேருங்கள்.

1. 100 மில்லிகிராம் இளம் இலையைத் திரவ நைட்ரஜன் ஊற்றிய பீங்கான் உரலில் மாவாக அரையுங்கள். மாவு உருகி ஈரமாவதற்குள் அடுத்த படி.

2. 65 டிகிரியில் சூடாக்கி வைத்த 700 மைக்ரோலிட்டர் கரைசலில் மாவைப் போட்டு, அதே சூட்டில் 45 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம், நீண்ட டிஎன்ஏ இழை அறுந்துபோகும்.

3. ஆறியதும், 24 பங்கு குளோரோஃபார்முக்கு 1 பங்கு ஐசோஅமைல் ஆல்கஹால் கலந்ததில் 700 மைக்ரோலிட்டர் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். 12,000 மடங்கு ஈர்ப்பு விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். மூன்று அடுக்காகப் பிரியும்: கீழே பச்சைக் குளோரோஃபார்ம், நடுவில் வெள்ளை ஆடையாகப் புரதம், மேலே தெளிந்த நீர். டிஎன்ஏ மேல் அடுக்கில் இருக்கிறது. நடு ஆடையைத் தொடாமல் 500 மைக்ரோலிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே பேராசைப்பட்டால் பின்னால் அழ வேண்டும். குளோரோஃபார்ம் மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவும். மேலே பட்டால் உடனே கையுறையை மாற்றுங்கள்.

4. அந்த நீரில் ஆர்என்ஏஸ் நொதி சேர்த்து 37 டிகிரியில் அரை மணி நேரம். பிறகு குளோரோஃபார்ம் படியை இன்னொரு முறை.

5. 0.7 பங்கு குளிர்ந்த ஐசோபுரோப்பனால் சேர்த்துக் கவிழ்த்தால் நூல் நூலாக டிஎன்ஏ திரளும். முதல்முறை பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்; எனக்கு இன்னும் அந்த இடம் அலுக்கவில்லை. 10 நிமிடம் சுழற்றி, 70 சதவீத எத்தனாலில் கழுவி, திறந்து உலர விடுங்கள். காய்ந்து கண்ணாடியாகும் வரை விடாதீர்கள், கரைக்க முடியாமல் போகும்.

6. 50 முதல் 100 மைக்ரோலிட்டர் டிஇ (டிரிஸ்-இடிடிஏ) கரைசலில் கரைத்து வையுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு காலிக் குழாயையும், இலையே போடாமல், முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை எடுத்துச் செல்லுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அளந்து பார்ப்பது

நானோட்ராப் என்ற ஒளி அளவியில் 260 நானோமீட்டர் ஒளியில் 1 என்று காட்டினால் மைக்ரோலிட்டருக்கு 50 நானோகிராம் இரட்டை இழை டிஎன்ஏ. 260-ஐ 280-ஆல் வகுத்தால் 1.8 அருகில் வர வேண்டும். குறைந்தால் புரதம் மிச்சமிருக்கிறது. 260-ஐ 230-ஆல் வகுத்தால் 2 அருகில். பருத்தியில் காலை வாருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான்: பாலிஃபீனால், சர்க்கரைப் பிசுபிசுப்பு, சிடேப் மிச்சம் எல்லாம் இதில் தெரியும். ஆர்என்ஏ இருந்தாலும் 260-இல் சேர்த்து எண்ணிவிடும் என்பதால் கொஞ்சத்தை ஜெல்லிலும் (டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் கூழ்ப் பலகை, பின்னால் வருகிறது) ஓட்டிப் பாருங்கள். எல்லா மாதிரிகளையும் மைக்ரோலிட்டருக்கு 25 நானோகிராம் என்று ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பிரைமர்: தேடும் சொல்

பிசிஆரின் அடிப்படை எளிது. கேரி மல்லிஸ் 1983-இல் யோசித்தது. பத்தாண்டில் நோபல் பரிசும் வாங்கிக் கொடுத்தது. தேட வேண்டிய பகுதியின் இரு ஓரங்களுக்கும் பொருந்தும் இரண்டு குட்டி டிஎன்ஏ துண்டுகளைப் போடுகிறோம், இவைதான் பிரைமர்கள். சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். குளிர்ந்தால் பிரைமர்கள் தங்கள் இடத்தில் ஒட்டும். டாக் நொதி அங்கிருந்து நகல் எழுதும். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும். குறையில்லாமல் நடந்தால் 30 சுற்றில் ஒரு பிரதி 107 கோடி.

பிரைமரின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. டிஎன்ஏவில் நான்கே எழுத்து. 15 எழுத்துச் சொற்கள் மொத்தம் 107 கோடிதான் சாத்தியம். பருத்தியின் மரபணுத் தொகுதியோ 230 கோடி எழுத்துக்கு மேல். 15 எழுத்துப் பிரைமர் தற்செயலாகவே ஓரிரண்டு இடத்தில் பொருந்திவிடும். 20 எழுத்து என்றால் சாத்தியங்கள் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். அதனால்தான் 18 முதல் 24 எழுத்து.

35எஸ் துண்டுக்கு உலகெங்கும் பயன்படுத்தும் ஒரு பிரைமரை அடினைனுக்கு அ, தைமினுக்கு தை, குவானைனுக்கு கு, சைட்டோசினுக்கு சை என்று எழுதினால் இப்படி வரும்: கு-சை-தை, சை-சை-தை, அ-சை-அ, அ-அ-தை, கு-சை-சை, அ-தை-சை, அ. அ, தை இரண்டும் சேர்ந்து 10. கு, சை சேர்ந்து 9. முதல் வகைக்கு 2 டிகிரி, இரண்டாம் வகைக்கு 4 டிகிரி என்ற பழைய கைக்கணக்கில் 56 டிகிரி. இது தோராயம்தான். இயந்திரத்தில் 55-லிருந்து 65 வரை சரிவாக வைத்து ஓட்டிப் பார்த்து, ஜெல்லில் பட்டை சுத்தமாக வரும் சூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் ஜோடியோடு சேர்ந்து இது 195 எழுத்துத் துண்டைத் தரும். நாஸ் ஜோடி தருவது 180. இரண்டுக்கும் 15 எழுத்துதான் வித்தியாசம். சாதாரண ஜெல்லில் பிரித்துச் சொல்வது கஷ்டம், ஆகவே ஒரே குழாயில் இரண்டையும் போடாதீர்கள்.

கிரை-1ஏசிக்குப் பிரைமர் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நுணுக்கம். மூல மரபணு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவுக்கு உரியது. அதே பாக்டீரியாவைப் பொடியாக்கி இயற்கை விவசாயத்தில் புழுவுக்குத் தெளிக்கிறார்கள். தெளித்த இலையில் பாக்டீரியாவின் டிஎன்ஏ இருக்கும். ஆனால் பயிருக்குள் வைத்த மரபணுவை, செடியில் நன்றாக வேலை செய்வதற்காக எழுத்து மாற்றித் திரும்ப எழுதியிருக்கிறார்கள். பிரைமர் அந்த மாற்றிய எழுத்துகளில் உட்கார்ந்தால் தெளித்த பொடி ஏமாற்றாது. இயற்கைப் பருத்தி என்று சான்று கேட்டு வரும் மாதிரியில் இதைக் கவனிக்காமல் விட்டால் ஒருவருடைய பிழைப்பே போய்விடும்.

35எஸ்ஸுக்கும் இதே சிக்கல் உண்டு. காலிஃபிளவர் மொசைக் வைரஸ் உண்மையிலேயே முட்டைக்கோஸ், கடுகு குடும்பச் செடிகளைத் தாக்கும். நோய் பிடித்த காலிஃபிளவரில் 35எஸ் வந்தால் அது வைரஸின் சொந்தச் சொத்து.

எந்தக் குழாயில் என்ன

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டு மாதிரி ஓட்டினேன். எட்டிலும் அழகான பட்டை. சந்தோஷமாக ஓடிப்போய்க் காட்டினேன். மேற்பார்வையாளர் கேட்டது ஒன்றுதான்: "தண்ணிக் குழாய் எங்கப்பா?" வைக்கவில்லை. மறுநாள் வைத்து ஓட்டினேன். தண்ணீரிலும் அதே பட்டை. முந்தைய வாரம் அதே மேசையில் யாரோ பிசிஆர் குழாயைத் திறந்திருக்கிறார்கள், கோடிக்கணக்கான பிரதிகள் காற்றிலும் பிப்பெட்டிலும் பரவியிருக்கின்றன.

அதிலிருந்து என் வரிசை மாறவே இல்லை:

- தண்ணீர்க் குழாய்: டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர். இதில் பட்டை வந்தால் அன்றைய ஓட்டம் முழுவதும் குப்பைக்கு.
- காலிப் பிரிப்பு: இலை போடாமல் எல்லாப் படியும் தாண்டி வந்த குழாய். தண்ணீர் சுத்தமாக இருந்து இதில் மட்டும் பட்டை வந்தால், அழுக்கு டிஎன்ஏ பிரிக்கும் கட்டத்தில் சேர்ந்திருக்கிறது.
- பி.டி. அல்லாத பருத்தி: மற்ற டிஎன்ஏ இருந்தாலும் பிரைமர் தவறான இடத்தில் ஒட்டவில்லை என்பதற்குச் சாட்சி.
- உறுதியான பி.டி. பருத்தி, அதுவும் 1 சதவீதம் போலக் குறைவாகக் கலந்தது. முழு பி.டி. டிஎன்ஏவை வைத்தால் சோதனை மந்தமாக இருந்தாலும் பட்டை வரும். நமக்குக் கண் கூர்மையா என்று தெரிய வேண்டும்.
- எல்லா மாதிரிக்கும் தனியாக ஒரு சாட்-1 குழாய். சாட்-1 எல்லாப் பருத்தியிலும் இயல்பாகவே இருக்கும் மரபணு. இது வராவிட்டால் அந்த மாதிரியில் "கிரை இல்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

அழுக்கைத் தடுக்க ஒரே வழி, வேலை ஒரு திசையில் நகர்வது. கலவை தயாரிக்கும் இடம், டிஎன்ஏ சேர்க்கும் இடம், பிசிஆர் முடிந்த குழாயைத் திறக்கும் இடம், மூன்றும் வேறு வேறு. ஜெல் அறையிலிருந்து பிப்பெட்டோ, கோட்டோ, நோட்டோ திரும்பி வரக் கூடாது. மூன்று அறை இல்லையா, மூன்று மேசையும் மூன்று செட் பிப்பெட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டி வைத்த டிப், மேசைக்குப் பத்து சதவீத பிளீச். ஸ்பிரிட் துடைத்தால் கிருமி சாகும். டிஎன்ஏ அப்படியே இருக்கும்.

கலவையும் இயந்திரமும்

25 மைக்ரோலிட்டர் குழாய் ஒன்றுக்கு (எல்லாம் மைக்ரோலிட்டரில்):

- பத்து மடங்கு பஃபர் (மக்னீசியம் இல்லாதது): 2.5
- 25 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு: 1.5
- டிஎன்டிபி (நகல் எழுதத் தேவையான நான்கு எழுத்துகள்), ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார்: 0.5
- பிரைமர்கள், 10 மைக்ரோமோலார்: தலைக்கு 1
- டாக் நொதி, மைக்ரோலிட்டருக்கு 5 யூனிட்: 0.2
- தண்ணீர்: 16.3
- டிஎன்ஏ: 2

20 குழாய் என்றால் 22-க்குக் கணக்குப் போட்டு, டிஎன்ஏ தவிர மற்றதை ஒரே குழாயில் கலந்து 23 வீதம் பிரியுங்கள். ஒவ்வொரு குழாயிலும் 0.2 அளந்து விடுகிறேன் என்று உட்காராதீர்கள். அந்த அளவில் எந்தக் கையும் நம்பகமில்லை. டிஎன்ஏவைக் கடைசியில், மாதிரிகளுக்கு முதலில், உறுதியான பி.டி.க்கு எல்லாவற்றுக்கும் பின்னால். தண்ணீர்க் குழாயை மாதிரிகள் முடிந்தபின் மூடுங்கள், நடுவில் காற்றில் வந்ததையும் அது பிடிக்கட்டும்.

இயந்திரம்: 95 டிகிரியில் 3 நிமிடம். பிறகு 95-இல் 30 நொடி, 60-இல் 30 நொடி, 72-இல் 30 நொடி, இப்படி 35 சுற்று. கடைசியில் 72-இல் 5 நிமிடம். 40-ஐத் தாண்டிச் சுற்ற ஆசை வரும். அங்கே போனால் எதுவும் இல்லாத குழாய்களும் ஏதாவது ஒன்றைக் காட்டத் தொடங்கும்.

ஜெல்

100 மில்லி டிஏஇ கரைசலில் 2 கிராம் அகரோஸ். மைக்ரோவேவில் பொங்காமல் உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள். முதல் குழியில் 100 எழுத்து ஏணி, அதாவது அளவுகோலாக வைக்கும் நீளம் தெரிந்த துண்டுகள். மின்முனைகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டருக்கு 5 வோல்ட், முக்கால் மணி நேரம். டிஎன்ஏ எதிர்மின் தன்மை கொண்டது, சிவப்பு முனையை நோக்கி ஓடும். ஒயரை மாற்றிச் செருகி மாதிரி ஜெல்லைவிட்டுப் பின்பக்கம் ஓடிப்போன கதை எல்லா ஆய்வகத்திலும் ஒன்றாவது இருக்கும். எத்திடியம் புரோமைடு மரபணுவைச் சிதைக்கக்கூடியது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் சைபர் சேஃப் போன்ற சாயத்துக்கே போய்விடுங்கள்.

படித்தல்

சாட்-1 உண்டு, கிரை உண்டு, தண்ணீர் சுத்தம்: இருக்கிறது.

சாட்-1 உண்டு, கிரை இல்லை, 1 சதவீதக் கலப்பில் பட்டை தெளிவு: கண்டறியும் எல்லைக்குள் இல்லை. "இல்லவே இல்லை" என்று எழுத வேண்டாம்.

சாட்-1 இல்லை: ஒன்றும் சொல்ல முடியாது. டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்க விட்டுத் திரும்ப ஓட்டுங்கள். குறைந்த டிஎன்ஏவில் பட்டை வந்து, அதிகத்தில் வராமல் இருந்ததென்றால், நீங்கள் பார்த்தது தடுப்புப் பொருளின் வேலை. பருத்தியில் இது அடிக்கடி நடக்கும்.

பட்டை இருக்கிறது, ஆனால் 195-க்குப் பதில் 250-இல்: அது நீங்கள் தேடியது அல்ல. 50-க்குக் கீழே மங்கலான கறை என்றால் பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. தண்ணீர்க் குழாயில் அது இருந்தாலும் பதற வேண்டாம்.

அளவு சரியாக இருப்பதே அடையாளமும் ஆகிவிடாது. வழக்குவரை போகக்கூடிய மாதிரி என்றால் பட்டையை வெட்டியெடுத்துச் சாங்கர் முறையில் எழுத்து வரிசையைப் படிக்கக் கொடுங்கள்.

எவ்வளவு இருக்கிறது?

இருக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும்தான் ஜெல் பதில் சொல்லும். அளவு கேட்டால் ரியல்-டைம் பிசிஆர். இதில் இரண்டு பிரைமருக்கு நடுவில் ஒளிரும் ஒரு தேடல் துண்டும் உண்டு. நகல் எழுதும் நொதி அதை வெட்டும்போதெல்லாம் ஒளி கூடும். ஒளி ஒரு கோட்டைத் தாண்டும் சுற்று எண்ணைச் சிடி என்கிறோம். டிஎன்ஏ அதிகம் என்றால் சீக்கிரம் தாண்டும். பத்து மடங்கு நீர்த்தால் 3.3 சுற்று தள்ளிப்போக வேண்டும். அளவு தெரிந்த மாதிரிகளை நீர்த்துப் போடும் கோட்டின் சரிவு -3.32 என்றால் திறன் நூறு சதவீதம். நீர்த்தும் சிடி அந்த அளவுக்குத் தள்ளிப்போகவில்லையென்றால் மறுபடியும் தடுப்புப் பொருள்.

கிரையின் அளவைச் சாட்-1-இன் அளவால் வகுத்தால் கலப்பு சதவீதம். சான்றளித்த தர மாதிரிகளை வைத்துத்தான் கோடு போட வேண்டும். எண் வந்தபின் அதை எந்த அலகில் சொல்கிறீர்கள் என்று பாருங்கள்: ஒட்டு விதையில் ஒரு பெற்றோரின் பிரதிதான் இருப்பதால், விதைக் கணக்கில் 1 சதவீதம் என்பது பிரதிக் கணக்கில் அரை சதவீதம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் லேபிள் கட்டாயமாகும் வரம்பு 0.9 சதவீதம், இறக்குமதியாகும் 24 உணவுப் பயிர்களுக்கு 2021 மார்ச் முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்பு 1 சதவீதம். வரம்பை ஒட்டி வரும் மாதிரியில் இந்த இரட்டிப்பு வித்தியாசம் சரக்குக் கப்பலையே திருப்பி அனுப்பும்.

பிற வழிகள், சுருக்கமாக

1975-இல் எட்வின் சதர்ன் கொண்டுவந்த சதர்ன் பிளாட்டில் நகலெடுப்பே கிடையாது. டிஎன்ஏவை வெட்டி, சவ்வுக்கு மாற்றி, அடையாளமிட்ட துண்டால் தேடுவது. நாட்கள் பிடிக்கும், மைக்ரோகிராம் கணக்கில் டிஎன்ஏ வேண்டும். ஆனால் மரபணு எத்தனை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க இன்றும் பயன்படுகிறது. லாம்ப் என்ற நகலெடுக்கும் முறை 2000-இல் ஜப்பானிலிருந்து வந்தது. 60 முதல் 65 டிகிரியில் ஒரே சூடு போதும், வயலோரத்திலேயே செய்யலாம். அதிவேகமாகப் பெருகுவதால் அழுக்கும் அதிவேகமாகப் பெருகும். குழாயை முடிவில் திறக்கவே கூடாது. கிரிஸ்பர் (குறிப்பிட்ட டிஎன்ஏ வரிசையைத் தேடிப் பிடிக்கும் கருவி) அடிப்படையில் 2020-இல் டெல்லியில் உருவான ஃபெலுடா சோதனை கோவிட் வைரஸுக்காக வந்தது. அதே தத்துவத்தை விதைக்கும் திருப்பலாம். ஆர்என்ஏ வைரஸ் எதையாவது தேடுவதென்றால் ஆர்என்ஏஸ் படியை விட்டுவிட வேண்டும், பிறகு அதை டிஎன்ஏவாக மாற்றும் ஒரு படி கூடுதலாக வேண்டும், அதற்குப் பிந்தைய பிசிஆர் மேலே சொன்னதேதான்.

அறிக்கை

அறிக்கையில் முடிவை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை விதை, எத்தனை தொகுப்பு, யார் எடுத்தார்கள், எந்தப் பிரைமர், கண்டறியும் எல்லை என்ன, கட்டுப்பாட்டுக் குழாய்கள் என்ன காட்டின என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஜெல் படத்தை வெட்டாமல், தண்ணீர்க் குழாயும் தெரியும்படி முழுதாக ஒட்டுங்கள். மாதிரியை நீங்களே எடுக்கவில்லை என்றால் "ஆய்வகத்துக்குக் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டும் இம்முடிவு பொருந்தும்" என்ற வரி கட்டாயம். வழக்கு வரும் என்று தெரிந்தால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

விதையை அரைப்பதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியாகப் பிரித்து, சீல் வைத்து, தேதி போட்டு, ஈரமில்லாத குளிர் இடத்தில் வைத்துவிடுங்கள். எதிர்த் தரப்பு மறுசோதனை கேட்கும் அன்று மேசைமேல் வைக்க அந்தப் பங்கு வேண்டும்.